தானே திறந்து தானே மூடும் கதவு

நம் நேயர்களின் இல்லங்களில் நாள் தவறாமல் நடைபெறும் ஒரு காரியத்தை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம். அரிசியையும் பருப்பையும் குக்கரில் ஏற்றி, மூடியின் தலையில் 'வெயிட்' என்னும் சிறு குண்டை வைத்துவிட்டு, வீட்டு அம்மாள் வேறு அலுவலைக் கவனிக்கப் போய்விடுகிறாள். உள்ளே ஆவி பெருகுகிறது. குண்டின் கனத்தை மீறியதும் அதைத் தூக்கிக்கொண்டு சீறி வெளிப்படுகிறது. மிகுதி போனவுடன் குண்டு தன் இடத்தில் அமர்ந்துவிடுகிறது. பக்கத்தில் நின்று காவல் காத்தவர் எவருமில்லை. ஆவியே தனக்கு வேண்டிய கதவைத் திறந்துகொண்டது. தன் வேகம் தணிந்ததும் தானே மூடவும் விட்டுவிட்டது.

இந்த யுக்தி மிகப் பழையது. டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர், எலும்பையும் மிருதுவாக வேகவைக்கும் பாத்திரம் ஒன்றை 1679-இல் லண்டன் ராயல் சொஸைட்டியாருக்குக் காட்டினார். பாத்திரம் வெடித்துச் சிதறாதிருக்க அவர் அமைத்த எடை வைத்த வால்வே, பிற்காலத்தில் நீராவி யந்திரங்களையும் தொழிற்சாலைக் கொதிகலங்களையும் காப்பாற்றி வந்த 'ஸேப்டி வால்வு'களுக்கு மூதாதை.

அடுப்பங்கரை ஆவியை அடக்கும் குண்டு உள்ளங்கையில் அடங்கும். ஆனால் மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்று வெள்ளத்துக்கும் அப்படி ஒரு குண்டு வைக்க முடியுமா? ஓர் அணையின் கதவு, மனிதனுடைய கையை எதிர்பாராமல், வேண்டியபோது திறந்து வேண்டாதபோது மூடிக்கொள்ளுமா? இக்கேள்விக்கு விடை கண்டவர் நம் தேசத்து எஞ்சினீயர் ஒருவர். மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்து புகழ் பெற்ற மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவே அவர். திவான் விசுவேசுவரய்யாவை அறிந்தவர் பலர். வால்வும் மதகும் கால்வாயுமாக இருபத்து நான்கு வருஷங்கள் உழைத்த எஞ்சினீயர் விசுவேசுவரய்யாவை அறிந்தவர் சிலரே. அந்த மனிதரைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறோம்.

* * *

அவருடைய கதவின் அருமை விளங்க வேண்டுமானால், நம் ஊர் ஏரிக்கரைக்குச் சற்றுப் போய்வர வேண்டும்.

கிராமத்தில் பிறந்தவர்களுக்குக் கலிங்கு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பட்டணத்து நேயர்களுக்காகச் சொல்கிறோம். ஏரி நிரம்பிய பிறகு மிகுதி ஜலம் கரையை உடைக்காமல் வழிந்து போவதற்காக, கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கற்கட்டடமே கலிங்கு. கலிங்கின் தலை எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அந்த மட்டம் வரையில்தான் ஏரியில் ஜலம் நிற்கும்.

இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. கலிங்கைத் தாழ்வாகக் கட்டினால் கரைக்கு ஆபத்தில்லை. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வந்த ஜலமெல்லாம் வழிந்தோடிவிட, மாசியில் பயிர் வாடும். உயர்த்திக் கட்டினால் ஜலம் மிகுதியாக நிற்கும். ஆனால் பெருமழை கொட்டும் ஓர் இரவில் கரை நில்லாது. நம் முன்னோர் இதற்கு ஒரு நடுவழி கண்டார்கள். கலிங்கின்மேல் வரிசையாகக் கற்களை நட்டு வைத்தார்கள். மழையின் வேகம் தணிந்தபின், அக்கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் அடைத்து, இன்னும் ஓரிரண்டு அடி ஜலத்தைத் தேக்கிக்கொண்டார்கள். மறுபடியும் வெள்ளம் வந்தால் அடைப்பை எடுத்துவிட வேண்டும்.

எடுப்பது யார்? ஊர் நீர்க்கட்டிதான். நள்ளிரவு, கொட்டும் மழை, கண் தெரியாத இருட்டு. இத்தனைக்கும் நடுவே அவன் எழுந்து ஓடி, சீறிப் பாயும் ஜலத்தில் இறங்கிப் பலகையைப் பிடுங்கியாக வேண்டும். அவன் ஒரு நாழிகை அயர்ந்து உறங்கிவிட்டால் ஏரி உடையும். பயந்து முன்னதாகவே பிடுங்கிவிட்டாலோ, வராத வெள்ளத்துக்காக வந்த ஜலத்தை இழந்த பழி அவன் தலையில் விழும். ஓர் ஊரின் உயிரும் பயிரும் ஒரு மனிதனுடைய தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன என்றால் மிகையாகாது.

* * *

பூனா நகருக்கு அருகில், முட்டா நதியின் குறுக்கே கடக்வாஸ்லா என்ற இடத்தில் கற்களால் கட்டிய அணை ஒன்று உண்டு. அக்காலத்து வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் அதன் நீர்த்தேக்கத்தை 'ஃபைஃப் ஏரி' என்று அழைத்தார்கள். பூனாவுக்குக் குடிதண்ணீரும் சுற்றுப்புறத்து வயல்களுக்குப் பாசனமும் அதிலிருந்தே கிடைத்தன. பம்பாய் மாகாணத்தின் மராமத்து இலாகாவில் 1884-இல் சேர்ந்த விசுவேசுவரய்யா, நூற்றாண்டின் முடிவில் பூனா வட்டாரத்துப் பாசன வேலைகளுக்குப் பொறுப்பேற்றார்.

அவர் கண்ட காட்சி நம் ஏரிக் கலிங்கின் கதையேதான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கலிங்கின்மேல் ஆறு அடி, எட்டு அடி உயரத்துக்கு வெள்ளம் புரண்டு பாழாய்ப் போய்க்கொண்டிருந்தது. மழை நின்று சில மாதங்கள் சென்றால் ஜலத்துக்குத் தட்டுப்பாடு. அணையை உயர்த்தலாம் என்றால் அதற்குப் பெரும் பணம் வேண்டும். மேலே ஏறும் பாரத்தை அடித்தளம் தாங்கவும் வேண்டும்.

அணையைத் தொடாமல் ஜலத்தை மட்டும் உயர்த்துவதென்று விசுவேசுவரய்யா தீர்மானித்தார். கலிங்கின்மேல் வரிசையாகக் கதவுகளை நிறுத்தினார். கலிங்குக்கு மேல் சுமார் எட்டு அடி வரையில் கதவுகள் ஜலத்தைத் தாங்கி நிற்கும். வெள்ளம் அதற்கும் மேல் எழுந்தால் அவை தாமே திறந்து மிகுதியை வெளியே விடும். வெள்ளம் தணிந்ததும் தம் இடத்துக்குத் திரும்பி, ஒரு சொட்டும் வீணாகாதபடி மறுபடியும் அடைத்துக்கொள்ளும். 1903-ஆம் வருஷம் இந்தக் கதவுகள் கடக்வாஸ்லாவில் அமைக்கப்பட்டன. கண்டுபிடிப்புக்கு அவர் பேடண்ட் உரிமையும் பெற்றார்.

யந்திர சாஸ்திரம் பயிலாதவர்களுக்கும் இதன் தத்துவம் எளிதில் விளங்கும். தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் கதவின் கனம். மறு தட்டில் அதற்கு ஈடான எதிர்ப்பாரம். இரண்டும் சமமாக நிற்கும்வரை கதவு அசையாது. ஏரியின் ஜலம் குறித்த மட்டத்தைத் தாண்டியவுடன், அந்த மிகுதி ஜலமே தராசின் சமநிலையைக் குலைக்கிறது, கதவு நகர்கிறது. ஜலம் இறங்கினால் தராசு பழைய நிலைக்கு வருகிறது, கதவு மூடுகிறது. நீராவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கைப்பிடியைச் சுழற்ற ஆளும் வேண்டாம். எந்த வெள்ளத்துக்குப் பயந்தோமோ, அந்த வெள்ளத்தையே கூலியில்லாக் காவல்காரனாக அமர்த்திக்கொண்டதுதான் இதன் சாமர்த்தியம். இந்தக் காவல்காரனுக்கு உறக்கம் கிடையாது. ஆபத்து மிகும்போது அவனுக்குப் பலமும் மிகும்.

இதன் பலன் என்ன? அணையின் உயரத்தில் ஓர் அங்குலமும் கூட்டாமல், நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு ஏறக்குறைய நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு பெருகியது. நான்கு அணைகளுக்கு இப்படிச் செய்தால் ஐந்தாவது அணை ஒன்றைக் கட்டாமலே கட்டியது போலாகும் அல்லவா? பின்னர் இதே விதமான கதவுகள் குவாலியர் சமஸ்தானத்தின் திக்ரா அணையிலும், மைசூரின் கிருஷ்ணராஜ சாகரத்திலும் இடம்பெற்றன.

* * *

இதைச் செய்தவர் மைசூர் ராஜ்யத்தில் முத்தேனஹள்ளி என்ற சிற்றூரில் பிறந்தவர். இளமையில் தகப்பனாரை இழந்து, பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் படிப்பை நடத்திக்கொண்டார். அங்குள்ள சென்ட்ரல் கல்லூரி அந்நாளில் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்திருந்தமையால், 1881-இல் அவர் பெற்ற பி. ஏ. பட்டம் சென்னைப் பட்டமே. பிறகு பூனாவில் எஞ்சினீயரிங் பயின்றார்.

அவருடைய வேலைகள் எல்லாவற்றிலும் ஒரே புத்தி ஓடுவதைக் காண்கிறோம். புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு முன், இருப்பதை முழுவதும் பயன்படுத்தியாயிற்றா என்று அவர் பார்ப்பார். சிந்து மாகாணத்தின் சக்கர் நகரம் மாபெரும் சிந்து நதியின் கரையிலேயே இருந்தும், ஆற்று ஜலம் வண்டலாக இருந்தபடியால் நல்ல குடிநீருக்குத் திண்டாடியது. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் போதிய பணமில்லை. விசுவேசுவரய்யா ஆற்றுப் படுகையிலேயே கிணறு ஒன்று எடுத்தார். மணலினூடே கசிந்து வந்த ஜலம் தெளிந்த ஜலமாகக் கிணற்றில் ஊறியது. அதை இறைத்து ஊருக்கு அளித்தார். நதியின் மணலே அங்கு வடிகட்டியாயிற்று. வைகைப் படுகையிலும் பாலாற்றுப் படுகையிலும் ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீர் மொண்ட தாய்மார்கள் இதைக் கேட்டு வியப்படையமாட்டார்கள், புன்னகை புரிவார்கள்.

நீரா கால்வாய்ப் பாசனத்திலும் இதே கதைதான். கால்வாயின் தலைமாட்டில் இருந்தவர்கள் வயலில் ஜலத்தைத் தேக்கி நிலத்தையே கெடுத்துக்கொண்டார்கள். கடைமடையில் இருந்தவர்களுக்கு ஜலம் எட்டவில்லை. நிலத்தைச் சிறு சிறு வட்டகைகளாகப் பிரித்து, முறை வைத்து ஜலம் விட்டு, பயிர்களையும் மாற்றி மாற்றி இடும் ஏற்பாடு ஒன்றை அவர் வகுத்தார். முதலில் விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுநாள் அநுபவித்த சௌகரியத்தை யார்தான் எளிதில் விடுவார்கள்? பேசிப் பேசி அவர்களை இசையச் செய்தார். இரும்புக் கதவைத் தானே திறக்கச் செய்ததைவிட இந்த வேலை கடினமானது என்றே நாம் கருதுகிறோம்.

1908-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 28-ஆம் தேதி ஹைதராபாத்தில் மூசி நதி பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கான மக்களை வாரிக்கொண்டு போயிற்று. மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டு உயிர் பிழைத்தவர்கள் உண்டு. அவ்வாறு பலரைக் காப்பாற்றிய அப்சல்கஞ்ச் புளியமரத்தை அந்நகரத்தார் நன்றியோடு போற்றி வந்திருக்கிறார்கள். பம்பாய் உத்தியோகத்தை விட்டுவிட்டு அப்போது ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த விசுவேசுவரய்யாவை நிஜாம் சர்க்கார் அழைத்தனர். நகரத்துக்குள் கரையை உயர்த்துவது மட்டும் போதாது, நகரத்துக்கு மேலே, மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்று அவர் யோசனை கூறினார். வரும் வெள்ளத்தை அங்கே தடுத்து நிறுத்தி, ஆறு தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக விடவேண்டும் என்பது அவர் கருத்து. 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. நகரத்துக்குக் காவலாக எண்ணிய அவ்விரு ஏரிகளே அதன் தாகத்தையும் தீர்த்தன.

* * *

இனித் தமிழ் மக்களின் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு விஷயத்துக்கு வருகிறோம்.

விசுவேசுவரய்யா 1909-இல் மைசூரின் தலைமை எஞ்சினீயரானார். 1912 முதல் 1918 வரை திவானாக விளங்கினார். காவேரியின் குறுக்கே கன்னம்பாடியில் 1911-இல் தொடங்கி 1931-இல் முடிவடைந்த கிருஷ்ணராஜ சாகரம் அவருடைய பெரும் முயற்சியால் உருவானது. மாண்டியா நிலங்கள் விளைந்ததும், சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார்த் தங்கச் சுரங்கத்துக்குத் தடையின்றிப் போனதும் அதனால்தான். ஆனால் அந்த அணை எழும்போதே, கீழே தஞ்சைத் தரணியில் கவலையும் எழுந்தது. மேலே மூடும் கதவு கீழே வாய்க்காலை வறளச் செய்யுமோ என்ற கவலை நியாயமானதே. மைசூரும் சென்னையும் வாதாடி, மத்தியஸ்தம் கேட்டு, இறுதியில் 1924-இல் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் 1934-இல் நமது மேட்டூர் அணை முடிவடைந்தது. உடன்படிக்கையோடு வழக்கு ஓய்ந்துவிடவில்லை. 1990-இல் நடுவர் மன்றம் ஏற்பட்டது. 2007-இல் அதன் தீர்ப்பு வந்தது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பும் வந்தது.

எஞ்சினீயருடைய அற்புதக் கதவின் எல்லை எது என்பதை இங்கே நாம் தெளிவாகக் காண்கிறோம். மிகுதியை எப்போது விடவேண்டும் என்று கதவுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஜலம் குறித்த மட்டத்தைத் தாண்டினால் திற என்பது யந்திரத்துக்கு விளங்கும் பாஷை. ஆனால் குறைவை எவ்வாறு பங்கிடுவது? ஏரி பாதியே நிரம்பிய வருஷத்தில், மேலே உள்ளவனுக்கு எவ்வளவு, கீழே உள்ளவனுக்கு எவ்வளவு? தராசும் மிதவையும் சங்கிலியும் இக்கேள்விக்கு விடை சொல்லமாட்டா. வெள்ள காலத்தில் காவேரி யாரையும் கேளாமல் மேட்டூரின் பதினாறு கண்களையும் நாடி வந்துவிடுகிறாள். வறண்ட வருஷத்தில் அவளை அனுப்பி வைக்க மனிதனுடைய நியாய புத்திதான் வேண்டியிருக்கிறது. நீரா கால்வாயின் தலைமாட்டுக்காரரையும் கடைமடைக்காரரையும் ஒரே முறைக்கு இசையச் செய்த அந்த விசுவேசுவரய்யாவே இரண்டு ராஜ்யங்களுக்கும் இன்னமும் தேவைப்படுகிறார்.

மிகுதியை விடும் விஷயத்திலுங்கூட மனிதனுடைய பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி ஜலம் அடையாற்றில் விடப்பட்டதையும், சென்னை நகரம் பட்ட பாட்டையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முன்னதாகவே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாகாதா என்ற விவாதம் பல காலம் நடந்தது. அன்று நீர்க்கட்டியின் தலையில் இருந்த பாரம் இன்று பெரிய உத்தியோகஸ்தர்களின் தலையில் இருக்கிறது. பாரம் என்னவோ அதேதான்.

* * *

கடக்வாஸ்லாவின் கதைக்கு ஒரு துயரமான பிற்பகுதி உண்டு. அதற்கு மேலே பான்ஷெட் என்ற இடத்தில் கட்டப்பட்டுவந்த மண் அணை, வேலை முற்றும் முடியாத நிலையில், 1961-ஆம் வருஷம் ஜூலை 12-ஆம் தேதி உடைந்தது. ஓர் ஏரி முழுவதும் ஒரேயடியாகக் கடக்வாஸ்லாவின்மேல் வந்து மோதியது. அன்றே அதுவும் உடைந்து பூனா நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. மழை வெள்ளத்தை எதிர்பார்த்து அமைத்த கலிங்கும் கதவும், மனிதன் கட்டிய இன்னோர் அணையின் அழிவை எப்படித் தாங்கும்? அந்தச் செய்தி வந்தபோது விசுவேசுவரய்யா நூறு வயதுக் கிழவராக உயிரோடிருந்தார். மறு வருஷம் ஏப்ரலில் அவர் காலமானார். 1955-இல் அவருக்குப் பாரத ரத்னம் அளித்துப் போற்றிய தேசம், அவர் பிறந்த செப்டம்பர் 15-ஆம் தேதியை எஞ்சினீயர்கள் தினமாகக் கொண்டாடுகிறது.

மாலையிட்டுக் கொண்டாடுவதோடு கடமை தீர்ந்துவிடுமா? திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில், ஸர் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணையின் ஷட்டர்களில் ஒன்பது, 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு கொள்ளிட வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டன. பிறகு அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. மூடிய கதவையும் திறந்த கதவையும் காண்போர் ஆயிரம் பேர் இருக்கலாம். துருப்பிடித்த சங்கிலியையும் தேய்ந்த திருகையும் காண்பவர் சிலரே. தானே இயங்கும் கதவுக்கும் எண்ணெய் இடுவதற்கு ஒரு கை வேண்டும்.

ஆகையால் நம் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலும் ஏரி இருக்கும். அதற்கு மதகும் கலிங்கும் இருக்கும். ஐப்பசி மழை பிறப்பதற்கு முன், ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒரு மாலை குழந்தைகளை அழைத்துக்கொண்டு கரைக்குப் போய்வாருங்கள். மதகின் திருகு சுழல்கிறதா, கலிங்கின் வழியில் முள்ளும் குப்பையும் அடைந்திருக்கின்றனவா, எவரேனும் வீடு கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். குறை கண்டால் ஊராட்சியாரிடமும் நீர்வளத் துறையாரிடமும் எழுத்தில் சொல்லுங்கள். சரிசெய்கிறவரையில் விடாமல் கேளுங்கள்.